மழலையர் கல்வியில் தலைமைப் பணி: எங்கே தொடங்குவது, எதைக் காப்பது

மனையியலில் இளநிலைப் பட்டம் பெற்று, தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கும் 27 வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். சிறு குழந்தைகளுக்கான கல்வித் திட்டங்களைத் தலைமையேற்று நடத்தும் நிலைக்கு வர என்ன படிக்க வேண்டும், எந்த வழியில் போக வேண்டும், அந்தப் பணி உண்மையில் எப்படிப்பட்டது, அதற்குப் போனால் குழந்தைகளை விட்டு விலகிப் போய்விடுவேனா என்பவை அவை. கடைசிக் கேள்வியைத் தயக்கத்தோடு கேட்டிருக்கிறார். என் பார்வையில் அதுதான் முதல் கேள்வி. மற்ற மூன்றுக்கும் விடை அதிலிருந்தே கிடைக்கிறது.

நான் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்து, ஒரு வட்டாரத்தின் மையங்களுக்கெல்லாம் பொறுப்பான குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலராக ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு சில தனியார் மழலையர் பள்ளிகளுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கும் ஆசிரியர் பயிற்சி அளித்து வருகிறேன். ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்தத் துறை நடத்தும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளை வைத்துச் சொல்வது. ஊரில் இன்னும் பால்வாடி என்றே அழைக்கப்படும் அந்த மையங்கள்தாம் நம் மாநிலத்தின் மிகப் பெரிய மழலையர் கல்வி அமைப்பு. 434 வட்டாரத் திட்டங்களின் கீழ் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. தனியார் பள்ளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் தெரிவதில்லை.

விலகிப் போய்விடுவேனா என்ற கேள்விக்கு வருகிறேன். நாள் முழுவதும் குழந்தைகளோடு இருப்பது நின்றுவிடும் என்பது உண்மை. ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் ஏறத்தாழ 25 மையங்கள் வரை இருக்கும். எந்த ஒரு குழந்தையும் உங்கள் பெயரைச் சொல்லி ஓடி வரும் அளவுக்கு உங்களை அறிந்திருக்காது. அதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது, அந்தக் குழந்தைகளோடு நாள்தோறும் இருக்கும் பெண்களின் நேரத்தையும் மனநிலையையும் காக்கும் பொறுப்பு. மழலையர் கல்வியில் தலைமை என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். பணியாளர் குழந்தைகளோடு தரையில் அமர்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை மற்ற எல்லா வேலைகளும் அரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அந்தப் பணியின் சாரம். பாடத்திட்டம், பயிற்சி, கட்டடம், கணக்கு எல்லாம் அதற்காகவே இருக்கின்றன.

அந்த நேரம் ஏன் அரிக்கப்படுகிறது என்பதை அறிய இந்த அமைப்பு வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மைய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு அடித்தளமாக அமைந்தது 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு முன்பருவக் குழந்தைகள் குறித்து அளித்த அறிக்கை. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி என்ற ஆறு பணிகளும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டன. தமிழ்நாட்டிலோ 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் ஊட்டச்சத்துத் திட்டம் தனியாக வந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைகள் வரை இறங்கி வந்தது. இவையெல்லாம் பசியையும் எடைக்குறைவையும் எதிர்கொள்ள எழுந்தவை; அவற்றால் பிழைத்த உயிர்கள் ஏராளம் என்பதை நேரில் கண்டவள் நான். ஆனால் சோறு பொங்கவில்லையென்றால் அன்றே ஊர் கேட்கும். குழந்தையோடு யாரும் பேசவில்லையென்றால் எவரும் கேட்க மாட்டார்கள். ஆறு பணிகளில் கல்வி பின்தங்கியதற்கு இதுவே காரணம். பணியாளர்களின் அக்கறைக் குறைவு என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இதை வெறும் உணர்வாகச் சொல்லவில்லை. கார்த்திக் முரளிதரனும் அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மையங்களில் முன்பருவக் கல்வியை மட்டும் பார்த்துக்கொள்ள ஒரு பகுதிநேரப் பணியாளர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பித்தல் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதங்களில் அம்மையக் குழந்தைகளின் மொழித் திறனும் எண் திறனும் தெளிவாக உயர்ந்தன. எனக்கு இன்னும் முக்கியமாகப்பட்டது வேறொன்று. அந்த மையங்களில் வளர்ச்சிக் குன்றலும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. ஏனெனில் ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்தது. கல்வியா ஊட்டமா என்று நாம் பல ஆண்டுகள் நடத்திய வாதம் தவறான வாதம் என்பதை அந்த முடிவு காட்டுகிறது. இரண்டுக்கும் குறையாக இருந்தது ஒரே பொருள்: ஒரு பெண்ணின் நேரம்.

உங்களுக்குக் கூடுதல் பணியாளரை அமர்த்தும் அதிகாரம் இருக்காது. மேற்பார்வையாளருக்கும் இல்லை, திட்ட அலுவலருக்கும் இல்லை. ஆனாலும் இருக்கும் நேரத்தை மீட்டுக் கொடுக்க உங்களால் முடியும். எப்படி என்று சொல்வதற்கு, ஒரு மையப் பார்வையை விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பணியின் தரம் அங்கேதான் முடிவாகிறது.

நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக் கொடுக்கப்பட்ட முறை இது: மையத்துக்குள் நுழைந்ததும் நாற்காலியில் அமர்ந்து பதிவேடுகளைக் கேட்பது, வருகைப் பதிவு, இருப்புப் பதிவு, எடைப் பதிவு என ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது, குறைகளைப் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த மையத்துக்குக் கிளம்புவது. அந்த ஒரு மணி நேரமும் பணியாளர் என் அருகில் நின்றுகொண்டிருப்பார். குழந்தைகள் கைகட்டி அமர்ந்திருப்பார்கள். கல்வியைப் பார்வையிட வந்த நானே அன்றைய கல்வியை நிறுத்திவிட்டேன் என்பது எனக்கு உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. மலையடிவார ஊர் ஒன்றில், நான் வந்ததும் பாதியில் நின்றுபோன கதையை முடிக்கும்படி நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பணியாளரின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். "அப்புறம் சொல்றேன், மேடம் வந்திருக்காங்க" என்று பணியாளர் அவளை உட்காரவைத்தார். அன்று அந்தக் கதை முடியவில்லை.

அதன் பிறகு முறையை மாற்றினேன். திறக்கும் நேரத்துக்கே போவேன். பாயில் குழந்தைகளுக்குப் பின்னால் அமர்வேன். முதல் ஒரு மணி நேரம் எந்தப் பதிவேட்டையும் தொட மாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை பல உண்டு. பணியாளர் குழந்தையிடம் கேட்கும் கேள்விகளில் எத்தனைக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியும், எத்தனைக்குக் குழந்தை யோசித்து வாக்கியமாகப் பேச வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். பேசாமலே இருக்கும் குழந்தை எது என்று பாருங்கள்; கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை அடம் என்று விட்டுவிடாமல் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அதற்காகவே இருக்கின்றன. மூன்று வயதில் கண்டறிவதற்கும் ஆறு வயதில் கண்டறிவதற்கும் அந்தக் குழந்தையின் பேச்சில் மிகப் பெரிய வேறுபாடு இருக்கும். உதவியாளர் சமையலறையிலிருந்து குழந்தைகளிடம் என்ன பேசுகிறார் என்றும் கேளுங்கள். பல மையங்களில் குழந்தைகளோடு அதிகம் உரையாடுபவர் அவர்தான். ஆனால் எந்தப் பயிற்சிக்கும் அவரை யாரும் அழைப்பதில்லை. என் வட்டாரத்தில் அவர்களுக்கும் பாட்டு, கதைப் பயிற்சி வைத்தேன். நான் எடுத்த முடிவுகளில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்தது அதுவே.

பிறகு பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். கட்டைகள், புதிர்த் துண்டுகள், பொம்மைகள், கதைப் படங்கள் உறை பிரிக்கப்படாமல் உள்ளே இருந்தால், பணியாளர் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இருப்புப் பதிவேட்டில் இருபது கட்டை என்று இருந்து, தணிக்கையின்போது பதினாறு இருந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சமே அந்தப் பூட்டு. பெரிய பயிற்சி வகுப்பு நடத்தி விளையாட்டுப் பொருளின் அருமையை விளக்குவதால் அது திறக்காது. உடைந்ததையும் தொலைந்ததையும் ஆண்டுக்கு ஒருமுறை முறைப்படி நீக்கம் செய்து, நீங்களே கையொப்பமிட்டுக் கொடுத்தால் திறக்கும். நான் அதைச் செய்த ஆண்டில் பீரோக்கள் தாமாகத் திறந்தன. "இந்த மையத்தில் பொம்மைகள் உடைந்திருக்கின்றன" என்பதை நற்குறிப்பாகப் பார்வையாளர் ஏட்டில் எழுதியிருக்கிறேன்.

பதிவேட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தால் அது உண்மையைச் சொல்லும். எடைப் பதிவில் குழந்தைகளின் எடையெல்லாம் முழுக் கிலோவாகவும் அரைக் கிலோவாகவும் முடிந்தால், அந்த எடை எடுக்கப்பட்டதாக இருக்காது, எழுதப்பட்டதாக இருக்கும். அப்போது அதட்டிப் பயனில்லை. தராசு பழுதா, பூச்சியத்தில் நிற்கிறதா, கைபேசிச் செயலியில் அன்றே பதிவேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியதா என்று கேட்க வேண்டும். மைய அரசு 2021இல் கொண்டுவந்த போஷன் டிராக்கர் என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலி பல பதிவேடுகளைக் குறைத்தது. ஆனால் நெட்வொர்க் கிடைக்காத ஊர்களில் காலை நேரத்தைச் செயலியே எடுத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். பதிவேற்றத்தைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்ள அனுமதிப்பது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதே. மேலிடத்திலிருந்து காலை பதினொரு மணிக்கு அறிக்கை கேட்டு அழைப்பு வரும்போது, அதை அப்படியே 25 பேருக்கும் கடத்திவிடுவதா, உங்களிடம் இருக்கும் தகவலை வைத்து நீங்களே பதில் அளிப்பதா என்பதில்தான் ஒரு தலைவர் தெரிகிறார். கடத்திவிடுவது எளிது. அப்படிக் கடத்தினால் 25 மையங்களில் அன்றைய கதை நின்றுவிடும்.

பெற்றோரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தனியார் பள்ளியில் இருக்கும் நீங்கள் இந்த நெருக்கடியை என்னைவிட நன்றாக அறிவீர்கள். மூன்று வயதிலேயே எழுதக் கற்றுக் கொடுக்கவில்லை என்றால் பள்ளி சரியில்லை என்ற எண்ணம் ஊர்ப்புறம் வரை வந்துவிட்டது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதற்கும் அந்த எண்ணமே பின்னணி. பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. கூலி வேலை செய்யும் தாய்க்குத் தன் பிள்ளை கற்றதற்குச் சாட்சியாகக் கையில் பிடிக்கக் கூடியது அந்த நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். ஆகவே விளையாட்டே கல்வி என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குவது போதாது. வேறு சாட்சியைக் காட்ட வேண்டும். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் பல மூன்று வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன என்பதைச் சொல்லி, களிமண் பிசைவதும் மணி கோப்பதும் அந்தக் கையை எழுத்துக்குத் தயார்ப்படுத்துவதைச் செய்து காட்டினால் தாய்மார்கள் கேட்கிறார்கள். மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து, அவர்கள் முன்னிலையில் குழந்தை ஒரு கதையைத் தன் சொற்களில் சொல்லச் செய்தோம். தன் பிள்ளை நாலு பேர் நடுவில் நின்று தொடர்ச்சியாகப் பேசுவதைக் கேட்ட தாய், நோட்டைக் காட்டுங்கள் என்று மறுபடி கேட்டதில்லை.

நம் அரசின் முன்பருவப் பாடத்திட்டமான "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" இந்த வழியில்தான் அமைந்திருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்தை அடித்தள நிலை என்று ஒன்றாக்கியதும், 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் எழுத்துக்கு முன் பேச்சையும் விளையாட்டையும் வைக்கின்றன. இவற்றை முழுமையாகப் படித்துவிடுங்கள். அரசுப் பணியோ தனியார் பணியோ, உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்ப்பவை இவை. தாய்மொழி பற்றிய பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். கிருஷ்ணகிரியில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள், நீலகிரியில் பழங்குடி மொழி பேசும் பிள்ளைகள், திருப்பூரில் பனியன் தொழிலுக்கு வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகள் என்று ஒரே பாயில் பல மொழிகள் அமர்ந்திருக்கும் மையங்கள் நம்மிடம் உண்டு. அந்தப் பிள்ளைகள் முதல் மாதங்களில் அழாமல் இருக்க, அவர்கள் மொழியில் பத்துச் சொற்களைப் பணியாளர் அறிந்திருந்தால் போதும். அந்தப் பத்துச் சொற்களைத் தாய்மார்களிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை.

இனி வழிகள். அரசு வழியில், திட்ட அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் நேரடியாக நிரப்பப்படுகிறது. மனையியல், ஊட்டச்சத்து போன்ற பட்டங்கள் அதற்குத் தகுதி என்பதால் உங்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அறிவிக்கை வரும்போது தகுதி விவரத்தை வரிவரியாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அறிவிக்கை ஆண்டுதோறும் வருவதில்லை என்பதால் அதை மட்டும் நம்பி வேலையை விட்டுவிட வேண்டாம். மற்ற பகுதி பதவி உயர்வால் நிரம்புகிறது: பணியாளராகச் சேர்ந்தவர் மேற்பார்வையாளராகி, அங்கிருந்து திட்ட அலுவலராவது. மையத்தில் இருபது ஆண்டுகள் கழித்துவிட்டு மேலே வந்தவர்களிடம் தேர்வெழுதி வந்தவர்கள் கற்க வேண்டியது நிறைய. நேரடியாக அலுவலரான இளம் பெண்கள் சிலர், தம்மைவிட இருபத்தைந்து வயது மூத்த மேற்பார்வையாளரைப் பெயர் சொல்லி அழைத்து முதல் மாதத்திலேயே வட்டாரத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். "அக்கா, இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டுத் தொடங்கியவர்கள் நிலைத்தார்கள்.

தனியார் வழியில் நீங்கள் ஒருங்கிணைப்பாளராகவோ தலைமை ஆசிரியராகவோ விரைவில் ஆகலாம். ஐந்து ஆண்டு அனுபவம் அதற்குப் போதும். ஆனால் ஏற்கும் முன் நிர்வாகத்திடம் மூன்றைக் கேளுங்கள். எத்தனை குழந்தைகளுக்கு எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள்? தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறி, இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் இறுதிச் சொல் யாருடையது? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் தலைமைப் பதவி என்பது சேர்க்கைக் காலத்தில் பெற்றோரைச் சமாளிக்கும் பணியாக மட்டும் சுருங்கிவிடும். ஆசிரியர் விலகலை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஆசிரியர் மாறுவது வீட்டில் ஒருவர் காணாமல் போவதைப் போன்றது. ஊதியம் குறைவு என்பதால் ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பள்ளியில் எத்தனை அழகான பாடத்திட்டத்தைக் கொண்டு வைத்தாலும் அது குழந்தையைச் சென்று சேராது.

மூன்றாவது வழி தொண்டு நிறுவனங்களும் பணியிடக் குழந்தைக் காப்பகங்களும். 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் முதல், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் கட்டாயமாகியிருப்பதால், அவற்றை முறையாக நடத்தத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கையாளும் அனுபவம் அங்கே கிடைக்கும். நம் நாட்டில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் வயதும் அதுவே.

படிப்பைப் பொறுத்தவரை, உடனே முதுகலைக்கு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் போன்ற ஒன்றை வேலையில் இருந்தபடியே முடிக்கலாம். முதுகலை படிப்பதென்றால் மனித மேம்பாடு அல்லது குழந்தை வளர்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். கோவை அவினாசிலிங்கம் போன்ற நிறுவனங்களுக்கு இந்தத் துறையில் நீண்ட மரபு உண்டு. முன்னோடிகளையும் அறிந்துகொள்ளுங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி போர்க்காலம் முழுவதும் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907இல் தொடங்கிய அவருடைய முறை இன்று உயர்கட்டணப் பள்ளிகளின் விளம்பரப் பலகையில் நிற்பது எனக்கு வருத்தம் தருவது. மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரும் பள்ளிக்கு வராத குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டு சென்றார்கள். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற சொல்லில் அந்த முற்றம் இன்னும் இருக்கிறது.

பட்டப் படிப்பு கற்றுத் தராத இரண்டை நீங்களாகவே கற்க வேண்டும். ஒன்று கணக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, சத்துமாவு ஆகியவற்றின் இருப்பும் செலவும் நாள்தோறும் ஒத்துப்போக வேண்டும். முட்டைக் கணக்கில் வரும் சந்தேகம் ஒரு நல்ல பணியாளரின் பெயரை ஒரே நாளில் கெடுத்துவிடும். கணக்கு தெரிந்த அலுவலரால்தான் அவரைக் காக்கவும் முடியும், உண்மையான முறைகேட்டைப் பிடிக்கவும் முடியும். மற்றொன்று பாதுகாப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகிய நாளுக்குப் பிறகு, கூரையையும் சமையலறையையும் வெளியேறும் வழியையும் பார்க்காமல் நான் எந்த மையத்திலும் அமர்ந்ததில்லை. மூடியில்லாத தண்ணீர்த் தொட்டி, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, தாழ்ப்பாள் இல்லாத வாயிற்கதவு ஆகியவற்றை அன்றே எழுத்தில் மேலிடத்துக்கு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தன் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. நிறுவனத்தின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உடனிருந்து உழைக்கும் பெண்களின் நிலையைப் பற்றி ஒன்று. அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் பணிக்கொடை பெறத் தகுதியுடையவர்கள் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கே திட்டம் தொடங்கி 46 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. நீங்கள் தலைமை ஏற்கும் பெண்களில் பலர் உங்களைவிடக் குறைந்த ஊதியத்தில் உங்களைவிடக் கடினமான வேலையைச் செய்வார்கள். அவர்களுடைய விடுப்பு, பதவி உயர்வு, ஓய்வுக்காலப் பணம் ஆகியவை பற்றிய கோப்பை உங்கள் மேசையில் ஒரு நாள்கூடத் தூங்க விடாதீர்கள். பயிற்சி வகுப்பில் நான் சொன்ன எதையும்விட, தன் மகளின் திருமணத்துக்கு வர வேண்டிய சேமநிதி முன்பணம் உரிய நாளில் கிடைத்ததே ஒரு பணியாளரை மறுநாள் மனமார மையத்துக்கு வரவைத்தது. குழந்தைகளிடம் மென்மையாக நடந்துகொள்ளச் சொல்லும் அலுவலர், மாதாந்திரக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் ஒரு பணியாளரை எழுப்பி நிறுத்தித் திட்டினால், அந்தத் திட்டு மறுநாள் காலை மையத்தில் இருக்கும் மிகச் சிறிய குழந்தையின் மேல்தான் போய் விழும்.

இத்தனையும் படித்த பிறகும் விருப்பம் குறையவில்லை என்றால், தேர்வுக்குப் புத்தகம் வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கோடை விடுமுறையிலோ உங்கள் பள்ளிக்கு விடுமுறையும் அங்கன்வாடிக்கு வேலைநாளுமாக அமையும் வாரத்திலோ, உங்கள் ஊர்த் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்று, அருகில் உள்ள மையம் ஒன்றில் ஐந்து நாள்கள் தொடர்ந்து அமருங்கள். பாடம் நடத்த வேண்டாம், யோசனையும் சொல்ல வேண்டாம். ஒரு நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பணியாளர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மட்டும் குறியுங்கள்: குழந்தையோடு, அடுப்போடு, பதிவேட்டோடு, கைபேசியோடு, வந்தவர்களோடு. வெள்ளிக்கிழமை மாலை அதைக் கூட்டிப் பார்த்து, குழந்தையோடு கழிந்த நேரத்தை அரை மணி கூட்டுவதற்கு அந்த மையத்தில் எதை மாற்ற வேண்டும் என்று பணியாளரிடமே கேளுங்கள். அவர் சொல்வதையும் அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும் நாளிலும், முதல் வட்டாரத்தைப் பொறுப்பேற்கும் நாளிலும் அது உங்கள் கையில் இருக்கட்டும்.